ஹார்ட் டிஸ்க் பெட்டியில் எழுதியிருக்காதவை

எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வேண்டும் என்று கடையில் கேட்டால் வரும் முதல் கேள்வி, "ஒரு டிபியா சார், ரெண்டு டிபியா?" பெட்டியிலும் அதுதான் கொட்டை எழுத்தில் இருக்கும். கீழே யுஎஸ்பி 3.2 என்று ஒரு வரி, வாரண்டி எத்தனை வருஷம் என்று ஒரு வரி. ஆனால் வாங்கியபின் நம்மைப் பாடாய்ப் படுத்துவதும், ஆபத்தில் கைகொடுப்பதும் இந்த மூன்றிலும் இல்லாத விஷயங்கள்தான். சீகேட் ஒன் டச், வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட், சாம்சங் டி7 எஸ்எஸ்டி மூன்றையும் அன்றாட வேலையில் வைத்துப் பார்த்ததைக் கொண்டு இதை எழுதுகிறேன்.

பெட்டியில் இருப்பதை முதலில் முடித்துவிடலாம். 2 டிபி டிஸ்க்கை விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினால் 1.81 டிபி என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை, தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது. யுஎஸ்பி 3.0, 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 எல்லாமே நொடிக்கு 5 ஜிகாபிட் என்ற ஒரே வேகத்தின் பெயர்கள். நிமிஷத்துக்கு 5,400 முறை சுற்றும் தகடு நொடிக்கு 120, 130 எம்பிதான் தரும். அதனால் ஹார்ட் டிஸ்க்கில் '3.2' என்ற எண்ணுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் தர வேண்டாம். லேப்டாப்பில் எந்த போர்ட்டில் செருகுகிறீர்கள் என்பதை மட்டும் கவனியுங்கள். 100 ஜிபி ஃபைல்களை யுஎஸ்பி 3 போர்ட்டில் கால் மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் முக்கால் மணி நேரம் போகும். உள்ளே இருக்கும் நாக்கு நீல நிறமாக இருந்தால் பெரும்பாலும் அது 3.

இனி பெட்டி சொல்லாதவை. முதலாவது, தகட்டில் எப்படி எழுதுகிறது என்பது. இன்று கிடைக்கும் கையடக்க ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பாலானவை எஸ்எம்ஆர் என்ற முறையில் எழுதுகின்றன. ஓடு வேய்வதுபோல ஒரு தடத்தின் விளிம்பின்மேல் அடுத்த தடம் படியும்படி நெருக்கி எழுதினால் அதே தகட்டில் கூடுதலாக இடம் கிடைக்கிறது. அதற்கான விலை பின்னால் தெரியும். நடுவில் ஒரு தடத்தை மாற்றி எழுத வேண்டுமானால், அதன்மேல் படிந்திருக்கும் அடுத்தடுத்த தடங்களையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டும். அதைச் சமாளிக்க டிஸ்க் ஒரு சிறு பகுதியைத் தற்காலிகமாக ஒதுக்கி, வருவதையெல்லாம் முதலில் அதில் கொட்டிவைக்கிறது. அந்தப் பகுதி நிரம்பியதும் வேகம் படுத்துவிடும்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஏற்கெனவே முக்கால்வாசி நிரம்பிய டிஸ்க்கில் பழைய ஃபோல்டர்களை அழித்துவிட்டு, ஒரு கல்யாணத்தின் முழு ஃபோட்டோ, வீடியோவையும் காப்பி செய்துபாருங்கள். விண்டோஸின் பச்சை வரைபடம் 120 எம்பியில் ஜோராக ஆரம்பிக்கும். பிறகு சட்டென்று இறங்கி இருபது முப்பதில் தவழும். சில நொடிகள் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு மறுபடி எழும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று பலர் பதறிப் பிடுங்கிவிடுவார்கள். காப்பி முடிந்தபின்னும் டிஸ்க்கின்மேல் விரலை வைத்தால் உள்ளே ஓட்டம் நிற்காததை உணரலாம், விளக்கும் சிமிட்டிக்கொண்டிருக்கும். கொட்டிவைத்ததை அது அப்போதுதான் உரிய இடத்தில் அடுக்கிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் கேபிளை உருவாதீர்கள்.

2020 ஏப்ரலில் இது பெரிய சர்ச்சையானது. வீட்டு சர்வர்களுக்கென்று விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் டிஸ்க்குகள் சிலவற்றில் இந்த முறை சொல்லாமலேயே புகுத்தப்பட்டிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. அதன் பிறகு நிறுவனங்கள் எந்த மாடலில் எந்த முறை என்ற பட்டியலைத் தங்கள் தளங்களில் வெளியிட்டன. கையடக்க டிஸ்க் பெட்டியில் அந்த வரி இன்றும் ஏறவில்லை. ஒரு முறை எழுதி அப்படியே வைத்துக்கொள்ளும் பேக்கப்புக்கு எஸ்எம்ஆர் தாராளமாகப் போதும். அதிலேயே ஃபைல்களை வைத்துக்கொண்டு வீடியோ எடிட் செய்ய நினைப்பவர்களுக்கு அது ஆகவே ஆகாது.

இரண்டாவது, கேபிள் செருகும் இடம். பெரும்பாலான ஹார்ட் டிஸ்க்குகளில் இன்னும் அந்தத் தட்டையான, நடுவில் இடுப்பு ஒடுங்கிய மைக்ரோ-பி சாக்கெட்தான். வாங்கிய புதிதில் இறுக்கமாக இருக்கும். டிஸ்க்கைப் பையில் போட்டு அலையும்போது கேபிளோடு சேர்த்து வைத்தால் சாக்கெட் மெல்ல மெல்ல ஆட்டம் காணும். லேசாகத் தொட்டாலே இணைப்பு அறுந்து, கம்ப்யூட்டர் டிஸ்க்கைக் காணோம் என்று சொல்லும். அப்போதுதான் உள்ளமைப்பு முக்கியமாகிறது. சீகேட்டின் கையடக்க டிஸ்க்குகளில் பெரும்பாலும் உள்ளே இருப்பது சாதாரண சாட்டா டிஸ்க். யுஎஸ்பிக்கு ஒரு சின்ன போர்டு தனியாக ஒட்டியிருக்கும். அந்த போர்டு போனால் டிஸ்க்கைக் கழற்றி, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் கேஸ் ஒன்றில் போட்டு எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். மை பாஸ்போர்ட்டில் யுஎஸ்பி சாக்கெட் டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது. சாட்டா முனையே கிடையாது. போதாததற்கு, நீங்கள் பாஸ்வேர்டு போடாவிட்டாலும் உள்ளே இருக்கும் சிப் எல்லாவற்றையும் பூட்டித்தான் எழுதுகிறது. போர்டு போனால் சாதாரண மெக்கானிக்கால் ஒன்றும் செய்ய முடியாது. டிஸ்க் தொலைந்தால் அடுத்தவர் பார்த்துவிடக் கூடாது என்பவர்களுக்கு பாஸ்வேர்டு போட்ட மை பாஸ்போர்ட் நல்ல தேர்வு. வீட்டு ஃபோட்டோக்களுக்கு நான் ஒன் டச்சைத்தான் சொல்வேன். வாரண்டி புது டிஸ்க்கைத் தரும், உள்ளே இருந்த ஃபோட்டோக்களைத் தராது; ஒன் டச் போன்ற சில சீகேட் மாடல்களோடு தகவல் மீட்புச் சேவையும் சேர்ந்து வருகிறது.

எஸ்எஸ்டிக்கு வருவோம். டி7 வெறும் 58 கிராம். சுற்றும் பாகமே இல்லாததால் மேசையிலிருந்து விழுந்தாலும் நெஞ்சு பதறாது. நொடிக்கு 1,050 எம்பி என்ற கணக்கும் உண்மைதான், லேப்டாப் போர்ட் 10 ஜிகாபிட்டாக இருந்தால். பழைய 5 ஜிகாபிட் போர்ட்டில் அதில் பாதிகூட வராது. லேப்டாப்பின் போர்ட்டைப் பார்க்காமல் விலை கூடிய எஸ்எஸ்டி வாங்குவது வீண்செலவு. விலை மலிவான க்யூஎல்சி வகை எஸ்எஸ்டிகளிலும் தற்காலிகப் பகுதி நிரம்பினால் வேகம் பாதாளத்துக்குப் போகும்.

எஸ்எஸ்டியை பீரோவில் வைத்து மறந்துவிடலாம் என்று நினைப்பவர்களைத்தான் நான் தடுக்க விரும்புகிறேன். மின்சாரமே இல்லாமல் கிடந்தால் சிப்பில் பிடித்துவைத்த மின்னூட்டம் மெதுவாகக் கசியும். எழுதி எழுதி ஆயுள் தீர்ந்த எஸ்எஸ்டி, 30 டிகிரியில் ஒரு வருஷம் தகவலைத் தாங்கினால் போதும் என்பதே இத்துறையின் ஜெடெக் தரநிர்ணயம். புது எஸ்எஸ்டி அதைவிட நெடுநாள் தாங்கும், ஆனால் நம் ஊர் மே மாதத்தில் பூட்டிய அறை 30 டிகிரியில் நிற்பதில்லை. வேலைக்கு எஸ்எஸ்டி, சேமிப்புக்கு ஹார்ட் டிஸ்க். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சேமிப்புக்கென்று வாங்கும்போது 4 டிபி ஒன்றுக்குப் பதிலாக 2 டிபி இரண்டை, வெவ்வேறு நிறுவனத்தில், ஒரே விஷயத்தின் இரு பிரதிகளாக வாங்குங்கள். ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று அண்ணன் வீட்டிலோ அம்மா வீட்டிலோ இருக்கட்டும். செலவு சற்றுக் கூடுதலாகும் என்று இதில் மட்டும் கணக்குப் பார்க்க வேண்டாம். ஒரே பிரதியாக இருந்த குழந்தையின் முதல் வருஷப் படங்களை இழந்தவர்களிடம் பேசிப் பார்த்தால் தெரியும். விண்டோஸும் மேக்கும் கலந்து புழங்கும் வீடென்றால் எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யுங்கள். மேக், விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் செய்த டிஸ்க்கைப் படிக்கும், தானாக எழுதாது.

ஆன்லைனில் இரண்டாயிரம் ரூபாய்க்கு 16 டிபி எஸ்எஸ்டி என்று வரும் எதையும் தொடாதீர்கள். உள்ளே ஒரு மெமரி கார்டு இருக்கும். 16 டிபி என்று பொய் சொல்லப் பழக்கியிருப்பார்கள். நிரம்பியதும் பழைய ஃபைல்களின்மேலேயே எழுதும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கை முழுக்க நிரப்பிப் படித்து இந்தக் குட்டை உடைத்துவிடும்.

அசல் டிஸ்க்காக இருந்தாலும் ஒரு ஃபைலைப் போடுமுன் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் திறந்து பாருங்கள். ஓடிய மணி நேரம் பூஜ்யத்தையொட்டி இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் இருந்தால் யாரோ பயன்படுத்தித் திருப்பித் தந்தது. 05, சி5 என்ற இரண்டு வரிசைகளின் கடைசி எண்களும் பூஜ்யமாக இல்லையென்றால், பில்லோடும் பெட்டியோடும் அன்றே கடையில் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.