எலும்புகளுக்கு எழுதப்பட்ட தலைப்பு

1857 பற்றிய நூல்களில் திரும்பத் திரும்ப அச்சாகும் படம், பெலிஸ் பியாட்டோ 1858இல் லக்னோவில் எடுத்த சிக்கந்தர் பாக் புகைப்படம். பெரும்பாலும் அது ஒரு சான்றாகவே முன்வைக்கப்படுகிறது. அதையும் ஒரு பிரதியாகவே வாசிக்க வேண்டும்.

சிக்கந்தர் பாக், நவாப் வாஜித் அலி ஷா தன் மனைவியருள் ஒருவரான சிக்கந்தர் மஹலின் பெயரில் அமைத்த மதில் சூழ்ந்த தோட்ட மாளிகை. 1857 நவம்பர் 16ஆம் திகதி கொலின் கெம்பெலின் படை அதனுள் புகுந்து, அங்கு நிலைகொண்டிருந்த சிப்பாய்களைக் கொன்று குவித்தது. பியாட்டோ லக்னோவுக்கு வந்ததோ, ஆங்கிலேயர் நகரை மீண்டும் கைப்பற்றிய 1858 மார்ச்சில்தான். ஓரளவு மூடப்பட்டிருந்த எச்சங்களைப் படமெடுப்பதற்காகத் திறக்கச் செய்தார் என அக்கால அதிகாரி ஜோர்ஜ் கெம்பெல் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியுள்ளார். அப்படியாயின், நாம் காண்பது கொலை நடந்த முற்றத்தை அல்ல. நான்கு மாதங்களின் பின் ஒழுங்குபடுத்தப்பட்ட ஒரு காட்சியை.

குண்டு பட்ட முகப்பின் முன்னே எலும்புகள். அவற்றிடையே சில உள்ளூர் மனிதர்கள், ஒரு குதிரை. உயிரோடிருப்பவருக்கும் பெயரில்லை. படத்தின் தலைப்பு 93ஆவது ஹைலாண்டர் படையையும் 4ஆவது பஞ்சாப் படையையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. கொல்லப்பட்டோர் ‘2000 கலகக்காரர்’ மட்டுமே. கொன்றவருக்குப் பெயர், இறந்தவருக்கு எண்.

இதை முஸ்லிம்களுக்கு நேர்ந்த அநீதியாக மட்டும் சுருக்குவதும் பிழையான வாசிப்பே. இறந்த சிப்பாய்களில் இந்துக்களும் முஸ்லிம்களும் இருந்தனர். மூடப்படவிருந்த கதவிடுக்கில் கையை நுழைத்து ஆங்கிலப் படைக்கு வழிவிட்டதாகப் புகழப்பட்டவர், பஞ்சாப் படையின் முகர்ரப் கான் என்ற முஸ்லிம்.

தலைப்பின் இந்த அரசியல் பூண்டுலோயாவில் வாழும் எமக்குத் தூரத்துச் செய்தியன்று. மலையகத்தின் பழைய தோட்டப் படங்களிலும் தோட்டத்துக்குப் பெயருண்டு, துரைக்குப் பெயருண்டு. கொழுந்துக் கூடையோடு நிற்பவர்கள் ‘கூலிகள்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிவிட்டனர்.

கெமரா சொல்லாததை உருதுக் கவிதை சொல்ல முயன்றது. அழிந்த நகருக்குப் புலம்பும் ‘ஷஹர் ஆஷோப்’ மரபில், டில்லிக்காகப் பலர் பாடிய கவிதைகள் 1863இல் ‘ஃபுகானே டெஹ்லி’ எனத் தொகுக்கப்பட்டன. காலிபின் கடிதங்களில் இழந்த தெருக்களும் நண்பர்களும் பெயரோடு வருகின்றனர். ஆயினும் அங்கும் பெரும்பாலும் அழப்படுவது மேன்மக்களின் நகரமே. சாதாரணச் சிப்பாய் இங்கும் பெயரற்றவனாகவே எஞ்சுகிறான்.

ஆகவே அந்தப் படத்தை இனி வெளியிடும் எமது ஏடுகள் பழைய தலைப்பை அப்படியே பெயர்த்துப் போடலாகாது. கொலை எப்போது நடந்தது, படம் எப்போது எடுக்கப்பட்டது, எலும்புகளைத் திறக்கச் செய்தவர் யார் என மூன்றையும் அடியில் அச்சிட வேண்டும். மையித்துக்கு மண் இடுவது நம் கடமை. இம்மண்ணை அகற்றியதே ஒரு படத்துக்காக என்பதை வாசகர் அறிந்திருக்க வேண்டும்.