செவ்வாயில் மாத்தறை: பெயரும் பெருமையும்

செவ்வாய்க் கிரகத்தில் சுமார் 230 கிலோமீற்றர் அகலமான மோதற்பள்ளம் ஒன்று இருக்கிறது. உள்ளே மலைகள் வளைந்து கிடப்பதால் படத்தில் அது சிரிக்கிற முகம் மாதிரித் தெரியும். அதன் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் எங்கட காலி நகரத்தின் எழுத்துகள் அப்படியே வரும். அதற்காக நெஞ்சை நிமிர்த்த வேணாம். 1846இல் நெப்டியூனைத் தொலைநோக்கியில் இனங்கண்ட ஜேர்மனியர் யோஹான் கல்லேயின் பெயர் அது. மெய்யாகவே எங்கட தென்பகுதி ஊர்ப் பெயரைச் சுமப்பது செவ்வாயின் இன்னொரு பள்ளம்: மாத்தறை.

இரண்டும் ஒரே பட்டியலில் இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே கனம் இல்லை. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் விதிப்படி, செவ்வாயின் பெரிய பள்ளங்களுக்குக் காலஞ்சென்ற அறிவியலாளர், எழுத்தாளர் பெயர்கள். சிறியவற்றுக்கு ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட மக்கள் வாழும் ஊர்களின் பெயர்கள். முன்னது நினைவுச் சின்னம். பின்னது அடையாளச் சீட்டு மட்டுமே. அந்த ஊரைக் கௌரவிப்பது நோக்கமல்ல என்று ஒன்றியமே சொல்கிறது.

புதன் கிரகத்தில் நிலைமை வேறு. அங்கே கலைஞர்களுக்கும் கவிஞர்களுக்கும்தான் இடம். இம்ருல் கைஸ், கன்ஸா, அல்-ஜாஹிழ் மூவர் பெயரிலும் பள்ளங்கள் உண்டு. நமக்குச் சந்தோசம்தான். ஆனால் கன்ஸா தன் சகோதரனுக்காகப் பாடிய இரங்கற்பாக்களை அறியாதவருக்கு அந்தப் பெயர் வெறும் ஓசை. பெயரை வானத்தில் ஏற்றிவிட்டால் நினைவும் கூடவே ஏறிவிடாது.

ஆகவே என்ட விமர்சனம் ஒன்றியத்தின் மேல் அல்ல, எங்கட மேல்தான். விதியைப் பார்த்தால் நமுனுகுலவும் நாளைக்குச் செவ்வாய்க்குப் போகலாம். ஆனால் 2036 மீற்றர் உயரமான இந்த மலையைச் சுற்றி, ஸ்பிரிங்வெலி மாதிரி துரைமார் காலத்துப் பெயர்கள்தான் பதிவேட்டில் நிற்கின்றன. கொழுந்து பறித்த சனம் தோட்டத்துக்கும் மலைக்கும் ஓடைக்கும் வைத்துக் கூப்பிட்ட தமிழ்ப் பெயர்கள் பெரும்பாலும் வாயோடு கிடக்கின்றன. சொல்லத் தெரிந்த கிழவிமார் போனால் அவையும் போய்விடும்.

இதில் எங்களுக்கும் பங்கு இருக்கு. பதுளை, பசறைக் கடைத்தெருக்களில் தோட்டத்து ஆக்களுக்குச் சாமான் கொடுத்தவர்களில் எங்கட பெரியவர்களும் இருந்தார்கள். வாங்கினவர் எந்தத் தோட்டம் என்று கடன் கொப்பியில் குறித்தபோது, சனத்தின் வாயில் வந்த பெயரையே எழுதியிருக்கக்கூடும். செவ்வாய்ப் பட்டியலில் ஊரைத் தேடுவதற்கு முந்தி, அந்தக் கொப்பிகளைத் தேடிப் பிரதி எடுக்க வேணும். கறையான் காத்திருக்காது.