கண்ணாடிக்கு எண் மட்டும் போதுமா?

பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் கண்ணாடி செய்வது இன்று சில நொடி வேலை. டிரான்ஸ்மிஷன் (ஒளியை ஊடுருவவிடும் அளவு) 1, ரஃப்னஸ் (சொரசொரப்பு) 0, ஒளிவிலகல் எண் 1.5 என்று கொடுத்தால் போதும் என்றே பலரும் பழகியிருக்கிறார்கள். இந்தப் பழக்கத்தின் பலத்தையும் குறையையும் எடைபோட வேண்டியிருக்கிறது.

பலம், அதன் அடியில் உள்ள இயற்பியல். டர்னர் விட்டெட் 1980-இல் ரே டிரேசிங் பற்றி எழுதிய கட்டுரையிலேயே, ஒளியின் பாதையைக் கணக்கிட்டு உருவான கண்ணாடிக் கோளம் இருந்தது. நேராகப் பார்க்கும்போது ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 விழுக்காடு ஒளி திரும்புவதும், பார்வை சாயச்சாயப் பளபளப்பு கூடுவதும் 1.5 என்ற ஒரே எண்ணிலிருந்து தாமாக வந்துவிடுகின்றன. கலைஞர் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை.

எண் சரியாக இருந்தும் படம் ஏன் பொய்யாகத் தெரிகிறது? முதல் குற்றவாளி வடிவம். தடிப்பே இல்லாத டம்ளரை, உள்ளே முழுக்கக் கண்ணாடி நிறைந்த கட்டியாகவே மென்பொருள் கணக்கிடும். பின்னால் இருக்கும் காட்சி இடவலம் மாறிப்போகும். உள்சுவர், வெளிச்சுவர், கனத்த அடிப்பாகம் மூன்றும் வேண்டும். தண்ணீருக்கும் சுவருக்கும் நடுவே மயிரிழை இடைவெளி விட்டாலும் அது காற்றுப் படலமாகி வெள்ளிபோல் மின்னும். அதனால்தான் அனுபவசாலிகள் நீரின் மாடலைச் சுவருக்குள் சற்றே நுழைத்து வைக்கிறார்கள்.

அடுத்தது நிறம். ஜன்னல் கண்ணாடியின் வெட்டுமுனை பச்சையாகத் தெரிவது அதிலுள்ள இரும்பால். ஒளி கடக்கும் தூரம் கூடக்கூடப் பச்சையும் ஆழமாகிறது. மேற்பரப்பில் மட்டும் நிறம் பூசினால் இந்த வேறுபாடு வராது. உட்பகுதிக்கு உறிஞ்சும் தன்மை தர வேண்டும்.

பெரிய சிக்கல் காஸ்டிக்ஸ். கண்ணாடி வழியே குவிந்து மேசையில் விழும் ஒளிக்கோலத்தைக் கணக்கிட நேரம் பிடிக்கும். படத்தில் புள்ளிப்புள்ளியாக இரைச்சலும் சேரும். காஸ்டிக்ஸ் கணக்கீட்டை அணைத்துவிட்டால் கண்ணாடியின் நிழல் கருங்கல்லின் நிழல்போல் இருண்டுவிடுகிறது. 2022-இல் வந்த பிளெண்டர் 3.2 இதற்கு ஒரு வழி தந்தாலும் அது எல்லா இடத்துக்கும் உதவாது.

தொலைவில் நிற்கும் கட்டடத்தின் ஜன்னலுக்கு அந்த மூன்று எண்கள் தாராளமாகப் போதும். விளம்பரத்துக்காக நெருங்கிப் பார்க்கும் வாசனைத் திரவியப் புட்டிக்குப் போதாது. கண்ணாடி தன் சுற்றுப்புறத்தையே காட்டும் பொருள். வெறுமையான காட்சியில் வைத்தால் அதன் விளிம்பே தெரியாது. கறுப்பு அட்டைகளை இருபுறமும் நிறுத்தி விளிம்பை எடுத்துக்காட்டும் புகைப்படக் கலைஞரின் உத்தி இங்கேயும் பலிக்கும். எண்ணைத் திருத்துவதில் செலவாகும் நேரத்தைத் தடிப்புக்கும் வெளிச்சத்துக்கும் கொடுப்பவரே நம்பும்படியான கண்ணாடியைப் படைக்கிறார்.