துடைக்கத் துடைக்க மெருகேறும் தரை

செட்டிநாட்டு வீடுகளில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல், துடைக்கத் துடைக்க மெருகேறும். கண்ணாடிப் பலகையின் மேல் வண்ணக் குழம்பை ஊற்றி, மணலும் சிமெண்டும் அடைத்து, தண்ணீரில் ஊறவைத்துக் கையாலேயே செய்யும் கல் அது, சூளைக்குப் போவதில்லை. கண்ணாடி தந்த வழவழப்பைக் காப்பது அன்றாடத் துடைப்புதான்.

அதற்கொரு நேர்த்தி உண்டு. முதலில் நன்றாகப் பெருக்க வேண்டும். ஈரத்துணிக்கடியில் சிக்கும் மணல் தரையைக் கீறும். துணியைச் சொட்டாமல் பிழிந்து, உள்மூலையில் தொடங்கி, வாசல் பக்கமாகப் பின்னோக்கி வந்தால் துடைத்த இடத்தில் கால் படாது. தண்ணீர் கலங்கியதும் மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது. வாளியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடுவது வழக்கம். சொட்டுதான், கூடினால் வழுக்கும்.

ஆசிட் இந்தக் கல்லுக்கு ஆகவே ஆகாது, சிமெண்டை அரித்துவிடும். எந்த வீட்டிலும் ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் கலக்கவே கூடாது. கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலைத் தாக்கும்.

மின்விசிறியைப் போட்டு, தரை காயும்வரை குழந்தைகளையும் வயதானவர்களையும் நடக்கவிடாமல் பார்த்துக்கொண்டால் வேலை முழுமை. புழங்கப் புழங்க அழகு கூடும் பொருள்கள் வீட்டில் குறைவு. இந்தத் தரைக்கு அந்த அழகைத் தருவது தினமும் துடைக்கும் கை. பாராட்டும் அந்தக் கைக்கே சேர வேண்டும்.