கட்டடக் கலைச்சொற்களில் வழக்கும் ஆக்கமும்: ஒரு மதிப்பீடு

தமிழில் கலைச்சொல்லாக்கம் குறித்து நிகழ்ந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் இயற்பியல், மருத்துவம், கணினி ஆகிய துறைகளையே சார்ந்து அமைந்துள்ளன. அத்துறைகளில் பொருளும் புதிது. சொல்லும் புதிதாகவே வேண்டப்படுவது. கட்டடத் துறையின் நிலை வேறு. கோயில் எழுப்பும் தபதியரும், வீடு கட்டும் கொத்தரும் தச்சரும் தத்தமக்குரிய சொற்களை வழிவழியாகக் கையாண்டு வந்துள்ளனர். எனினும் கட்டடப் பொறியியலுக்கெனத் தொகுக்கப்பெற்ற சொல்தொகுதிகள், ஆங்கிலச் சொல்லை முதலில் நிறுத்தி அதற்கு நிகர் தேடும் முறையையே பெரிதும் பின்பற்றின. இம்முறையால் தமிழில் முன்பே நிலவிய பொருள் வேறுபாடுகள் மறைந்துபோகின்றன என்பது எமது கருத்து. சில சொற்களைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

இச்சொல்வளத்தின் பழமைக்கு நெடுநல்வாடை தக்க சான்றாகும். பாண்டியனின் அரண்மனைக்கு மனை வகுக்கும் பகுதியில், கோல் நட்டு நண்பகல் நிழலால் திசை அறிதலும், கயிறிட்டு அளத்தலும் முறையாகக் கூறப்படுகின்றன. வாயில் நிலையின்மேல் கிடக்கும் மரத்தை, நாண்மீன் ஒன்றின் பெயர் பூண்ட மரம் என்று நக்கீரர் குறிப்பாகச் சுட்டுகிறார். நச்சினார்க்கினியர் அதனை உத்தரம் என விளக்குகிறார். பெயரைச் சொல்லாமலே கேட்போர் அறிந்துகொள்வர் எனப் புலவர் கருதும் அளவிற்கு அச்சொல் அன்று வழக்கில் இருந்தது எனலாம்.

இனி, மரக்கூரை வீட்டின் அமைப்பை நோக்குவோம். தூண்களின் தலைமீது நீளவாக்கில் கிடந்து மேலுள்ள சுமையை வாங்குவது உத்தரம். ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குக் குறுக்கே செல்வது விட்டம். பருமன் மிகுந்ததைத் தூலம் என்பாரும் உளர். முகட்டில் நெடுகச் செல்வது மோட்டுவளை. அதிலிருந்து சுவரை நோக்கிச் சரிந்து இறங்குவன கைமரங்கள். வட்டாரந்தோறும் இப்பெயர்கள் சற்றே இடம் மாறினும், ஒவ்வோர் உறுப்பும் தான் கிடக்கும் இடத்தையும் ஏற்கும் சுமையையும் கொண்டே பெயர் பெறுகின்றது. அகராதிகளோ உத்தரத்திற்கு விட்டம் என்றும், விட்டத்திற்கு உத்தரம் என்றும் மாறிமாறிப் பொருள் தருகின்றன. ‘பீம்’ என்னும் ஒரு சொல்லுக்கு நேராக இவற்றைக் காற்புள்ளியிட்டு அடுக்கிவிட்டால், எதனை எங்கு ஆள்வது என்பது பயில்வோர்க்கு விளங்காது.

இன்றைய கற்காரைக் கட்டடத்தில் மரக்கூரையின் வேறுபாடுகள் பொருந்தா என்று மறுப்போர் இருக்கலாம். ஆனால், தூணுக்குத் தூண் சென்று சுமையைத் தூணிடம் சேர்க்கும் முதன்மை உறுப்பும், அவ்வுறுப்பின்மேல் ஊன்றிக் குறுக்கே செல்லும் துணை உறுப்பும் அங்கும் உள்ளன. முன்னதை உத்தரம் எனவும் பின்னதை விட்டம் எனவும் வரையறுத்துக்கொண்டால், அடைமொழி ஏதுமின்றியே இரண்டும் தெளிவுபெறும். இங்கு ஆசிரியர்களுக்குப் பயன்படும் ஒரு செய்தியையும் குறிப்பிடலாம். கணிதத்தில் வட்டத்தின் குறுக்களவை விட்டம் என்கிறோம். நாற்கரத்தின் எதிர்மூலைகளை இணைக்கும் கோட்டை மூலைவிட்டம் என்கிறோம். வீட்டின் குறுக்கே கிடக்கும் மரத்திற்கும் வட்டத்தின் குறுக்கே செல்லும் கோட்டிற்கும் ஒரே பெயர் அமைந்திருப்பதை வகுப்பில் சுட்டிக்காட்டினால், மாணவர் அச்சொல்லை மனனம் செய்ய வேண்டிய தேவையே எழாது.

பொருள் மயக்கத்திற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ‘அடித்தளம்’ என்னும் சொல்லாகும். மண்ணைத் தோண்டி எழுப்பும் சுவரடிக்கும் இச்சொல்லே ஆளப்படுகிறது. நிலத்திற்கு மேல் உயர்த்தி அமைக்கும் மேடைக்கும் இதுவே. நிலத்திற்குக் கீழ் உள்ள மாடிக்கும் இதுவே. ‘அடித்தளத்தில் நீர் புகுந்தது’ என்று ஒரு பாடநூல் எழுதுமாயின், நீர் எங்கே புகுந்தது என்பதை எவ்வாறு அறிவது? இம்மூன்றையும் தமிழ் பிரித்தறியாத மொழியன்று. தோண்டி இடுவதைக் கொத்தனார் கடைக்கால் என்பர். அஸ்திவாரம் என்பதும் பெருவழக்கு. நிலத்தடி அறைக்கு நிலவறை என்னும் சொல் உண்டு. எஞ்சியிருப்பது நிலமட்டத்திற்கும் வீட்டின் தரைக்கும் இடைப்பட்ட மேடை ஒன்றே.

அம்மேடையைத் தமிழகக் கொத்தனார் ‘பேஸ்மட்டம்’ என்கின்றனர். இது ‘பேஸ்மென்ட்’ என்பதன் சிதைவு என்று தள்ளிவிடுவது எளிது. ஆங்கிலத்தில் அச்சொல் நிலத்தடி மாடியைக் குறிக்க, இவர்கள் வழக்கிலோ அது நிலத்திற்கு மேல் வந்துவிட்டது. ரசமட்டம், மூலைமட்டம், மட்டப்பலகை என நாள்தோறும் கருவிகளைப் பெயர் சொல்லி எடுக்கும் தொழிலாளரின் செவி, அயற்சொல்லின் ஈற்றில் தனக்குரிய ‘மட்டத்தை’க் கேட்டிருக்கின்றது. தரை எந்த அளவில் நிற்க வேண்டும் என்பதே அக்கட்டத்தில் அவர்களது கவலை, அதனையே சொல்லாக்கிக்கொண்டனர். இதனை அப்படியே பாடநூலில் ஏற்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஆயினும், மூன்று பொருள்களை ஒரு சொல்லில் அடைத்த அறிஞரினும் ஒன்றைப் பிரித்துப் பெயரிட்ட கொத்தனார் சொல்லாக்க நெறியை நன்குணர்ந்தவர் என்றே கொள்ள வேண்டியுள்ளது.

இம்மேடைக்குத் தபதியர் வழங்கும் பெயர் அதிட்டானம். உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என அதன் வரிகளையும் அவர்கள் தனித்தனியே பெயரிட்டு அழைப்பர். திருச்சிராப்பள்ளி டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையத்தார் தம் கோயிலாய்வுகளில் அதிட்டானத்தைத் தாங்குதளம் என்று எழுதுகின்றனர். ஜகதி, குமுதம், கபோதம் முதலியவற்றை அவ்வாறே வைத்துக்கொள்கின்றனர். தொழிலைக் காட்டும் பெயரைத் தமிழாக்கி, வடிவத்தைச் சுட்டும் பெயர்களை மரபுப்படி விட்டுவைத்த இவ்வேறுபாடு போற்றத்தக்கது. வீட்டுக் கட்டடத்திற்கும் தாங்குதளம் தடையின்றிப் பொருந்தும். அதே வேளையில், மரபுச்சொல் கிடைத்ததென்று எல்லாவற்றையும் நீட்டுவதும் தவறாகும். கொடுங்கை என்பது வளைந்து இறங்கும் கூரை விளிம்பு. ஆவுடையார்கோயிலின் கற்கொடுங்கைகள் அதற்குப் பெயர்பெற்றவை. சன்னலுக்கு மேல் நீட்டிய தட்டைப் பலகத்தை அப்பெயரால் அழைத்தால் வளைவு என்னும் பொருளே பாழாகிவிடும்.

அயற்சொற்களைப் பொறுத்தமட்டில் நாம் மிகுதியாக வாதிட விரும்பவில்லை. சன்னல் போர்த்துகீசிய மூலமுடையது. மலாய்மொழியின் ‘ஜென்டெலா’வும் அதே மூலத்திலிருந்து வந்ததே. நம் மாணவர் இருமொழியிலும் ஒரே சொல்லைச் சந்திக்கின்றனர் என்பது நன்மையே. கவலைக்குரியது வேறொன்று. பல கண்களையுடையது என்னும் பொருள்தரும் பலகணி, ஒலி ஒப்புமை ஒன்றையே கருதிப் ‘பால்கனி’க்கு நிகராக எழுதப்படுகின்றது. காற்று வரும் வழி என்று தன்னைத் தானே விளக்கும் காலதர் இருக்க, காற்றுத் துளைக்குப் புதுச்சொல் தேடுகிறோம்.

சிமெண்டுக்கு வழங்கும் ‘பைஞ்சுதை’ என்பதைச் சற்று விரிவாக நோக்க வேண்டும். கற்காரை நல்ல ஆக்கம்; காரை என்னும் பழஞ்சொல்லோடு கல் சேர்ந்து, கல்லும் சாந்தும் கலந்த பொருளை உள்ளவாறே காட்டுகின்றது. பைஞ்சுதையோ அவ்வாறன்று. சுதை என்பது சுண்ணச் சாந்து. செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவையின்றிக் குடைவித்ததாக முதலாம் மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டில் மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமிதம் கொள்வது இச்சுதையை வைத்தேயாகும். கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சேர்த்துப் பதப்படுத்தும் அச்சாந்து இன்றும் வழக்கொழியவில்லை. கோபுரத்துப் பொம்மைகளைச் சுதைச் சிற்பம் என்றே கூறுகிறோம்.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. சிமெண்டு சுண்ணச் சாந்தினும் இறுக்கமானது. ஈரத்தை எளிதில் வெளிவிடாது. ஆதலின் பழைய சுண்ணக் கட்டுமானத்தின்மேல் சிமெண்டைப் பூசுவது தீங்கு விளைக்கும் என்பர் பழங்கட்டடப் பாதுகாப்பு வல்லுநர். 1827இல் நிறுவப்பட்ட சிங்கப்பூர் ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் 2023 பிப்ரவரியில் குடமுழுக்கு நடைபெற்றபோதும் தமிழகக் கைவினைஞர் வந்து திருப்பணி செய்தனர். மலேசியக் கோயில்கள் பலவற்றிலும் இதுவே வழக்கம். இத்தகைய பணிக்கான குறிப்பில் ‘சுதை’ என்றும் ‘பைஞ்சுதை’ என்றும் அடுத்தடுத்து எழுதினால், ஒன்றன் வகையே மற்றொன்று எனக் கொள்ள இடமுண்டு. ஒன்றற்கொன்று ஒவ்வாத இரு பொருள்களை ஓரினமாகக் காட்டும் இச்சொல்லைப் பாடநூல்களிலிருந்து நீக்கி, சிமெண்டு என்றே எழுதலாம் என்பது எமது பரிந்துரை.