ஆராய்ச்சி மணியைக் கேட்கும் விதம்

சரித்திர புருஷர்களின் கதைகளைக் குழந்தைகளுக்குச் சொல்லப் புகுகிற நம்மில் பெரும்பாலோர், கதை முடியுமுன்னரே அதன் நீதியை உபதேசித்துவிட வேண்டும் என்ற அவசரத்தினால், கதையையும் கெடுத்து நீதியையும் கசப்பாக்கிவிடுகிறோம். மனுநீதிச் சோழனை மணி, பசு, கன்று, தேர்க்கால் என்று நாலு வார்த்தையில் முடித்து, அதன்மேல் ஒரு புத்திமதியையும் ஒட்டிவிட்டால், ரஸிப்பதற்கு என்ன மிஞ்சும்?

இக்கதையின் ரஸமெல்லாம் கன்று மாண்டதற்கும் மகன்மேல் தேர் உருண்டதற்கும் இடைப்பட்ட அவகாசத்தில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். சிலப்பதிகாரத்தில், பாண்டியன் முன் நின்று தன் ஊரின் பெருமை கூறும் கண்ணகி, பெற்ற மகனையே தேராழியில் மடித்த சோழனைச் சில அடிகளில் சொல்லிக் கடந்துவிடுகிறாள். கணவனைப் பறிகொடுத்து வழக்குரைக்க வந்தவள் கதை சொல்லிக்கொண்டு நிற்பாளா? 12ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடிய சேக்கிழாரோ, திருவாரூரின் சிறப்பைச் சொல்லும் பகுதியில், அந்த அவகாசத்தை விஸ்தாரமாக விரித்துக் காட்டுகிறார்.

அதில் முதலில் கவனிக்க வேண்டியவன் இளவரசன். தன் தேர்க்காலில் அகப்பட்டுக் கன்று மாண்டதும் அவன் தேரை விட்டிறங்கிப் பதறுகிறான். தந்தை அறியுமுன் பிராயச்சித்தம் செய்துவிடலாமென்று அந்தணரை நாடிப் போகிறான். பாத்திரத்தை உடைத்துவிட்டு அம்மா வருமுன் சில்லுகளைப் பொறுக்குகிற குழந்தைக்கு இவனை நன்றாகத் தெரியும். ஆகவே இங்கே சற்று நிறுத்தி, அவன் செய்தது சரியா என்று கேட்டுப் பாருங்கள். பிறகு பசு மணியடித்து அரசன் செய்தி அறிந்ததும், மந்திரிகளும் பிராயச்சித்தத்தையே எடுத்துரைக்க, கன்றை இழந்து கதறும் பசுவின் நோய்க்கு அது மருந்தாகுமா என்று கேட்கும் அரசன், அயலான் ஓர் உயிரைக் கொன்றால் அவனைக் கொல்லும் தான், தன் மகனுக்கு மட்டும் சடங்கோடு விட்டுவிடலாமா என்றும் தர்க்கிக்கிறான். நீதியைப் பற்றிய விவாதமே இவ்வளவுதான். ஆறு வயதுக்கு மேற்பட்ட எந்தக் குழந்தையும் இதைப் பின்பற்றக்கூடும்.

கதையின் உச்சமென்று நான் கருதுவது மந்திரியின் மரணம். இளவரசன்மேல் தேரைச் செலுத்துமாறு ஏவப்பட்டவன், அதைச் செய்ய மாட்டாமல், ஆணையை மீறவும் மாட்டாமல், தன் உயிரையே துறந்துவிடுகிறான். அதன் பிறகே அரசன் தானே தேரேறுகிறான். பள்ளிப் புத்தகங்கள் பெரும்பாலும் விட்டுவிடும் இவ்விடத்தைத் தயவுசெய்து விடாதீர்கள். கன்றும் மந்திரியும் இளவரசனும் இறைவனருளால் எழுகிற முடிவு, சின்னஞ்சிறுவர் நிம்மதியாக உறங்குவதற்கு மிகவும் உகந்தது.

சற்றே வளர்ந்த பிள்ளைகளுக்கு இலங்கையின் மகாவம்சத்தையும் பக்கத்தில் வைக்கலாம். சோழ நாட்டிலிருந்து சென்று அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்ட எல்லாளனைப் பற்றியும் அந்நூலில் இதே பசுவும் மணியும் வருகின்றன. ஆனால் அங்கே யாரும் உயிர்த்தெழுவதில்லை. இருவரும் ஒருவரே என்பாரும் உண்டு; அந்த வாதத்தைப் பண்டிதர்களுக்கு விட்டுவிடுவோம். தங்கள் மதத்தைச் சாராதவனும், தங்கள் வீரனான துட்டகைமுனுவின் எதிரியுமான ஒருவனுடைய நியாயத்தைப் பௌத்தத் துறவிகள் இவ்வளவு மனமுவந்து எழுதி வைத்திருக்கிறார்களே, அதை ரஸிக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தனியாக உபதேசம் எதற்கு?

அந்நூலில் தாய்ப் பறவையொன்றும் மணியடிக்கிறது. பனைமரத்திலிருந்த அதன் குஞ்சைப் பாம்பு விழுங்கிவிட, அரசன் பாம்பின் வயிற்றைக் கீறிக் குஞ்சை எடுப்பிக்கிறான். காயவைத்த அரிசி அகால மழையில் நனைந்துபோனதாக ஒரு கிழவி முறையிட, இனி மழை உரிய வேளையில் மட்டும் பெய்யவேண்டுமென்று உபவாசமிருக்கிறான். இவற்றைக் குழந்தைகள் மறுபடி மறுபடி கேட்பார்கள்.

இன்னொரு நாள் அவனுடைய ரதத்தின் நுகம் பட்டு ஒரு தூபியில் 15 கற்கள் பெயர்ந்துவிடுகின்றன. உடனே இறங்கி, தன் தலையையும் இந்தச் சக்கரத்தாலேயே அறுத்துவிடுங்கள் என்கிறான். எங்கள் பகவான் பிறரைத் துன்புறுத்த விரும்பார், தூபியைச் செப்பனிட்டால் போதும் என்று மந்திரிகள் சொல்ல, 15,000 கஹாபண நாணயங்கள் செலவிட்டுச் செப்பனிடுகிறான். அப்படியானால் மகனுக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை கிடைக்கவில்லை என்று உங்கள் பிள்ளை கேட்கும். கேட்டால் அவசரப்பட்டுச் சமாதானம் சொல்லாதீர்கள். நானும் இதுவரை திருப்தியான ஒரு விடையைக் கண்டதில்லை.