தோலும் தட்டும்: சேகரிப்பாளர் பேச்சு குறித்துச் சில குறிப்புகள்

பழைய தமிழ்ச் சினிமா எல்.பி. தட்டுகளைச் சேகரிப்பவர்களின் பேச்சுக்கென்று ஓர் இலக்கணமே உருவாகிவிட்டது. எது இன்ரெக்கோ, எது எக்கோ, எது ஈ.எம்.ஐ., அட்டை முழுசா ஓரம் கிழிந்ததா, முதல் அச்சா மறு அச்சா, கீறல் கேட்கிறதா கண்ணுக்கு மட்டும்தானா என்று போகும் இந்தப் பேச்சு. இதில் சில வருஷங்களாக ஒரு சொல் ஏறி உட்கார்ந்திருக்கிறது: ‘ஃபங்க்’. இங்கிலாந்தின் ஃபைண்டர்ஸ் கீப்பர்ஸ் நிறுவனம் 1977 முதல் 1983 வரையிலான இளையராஜாவின் பாடல்களைப் பொறுக்கி ‘சொல்லச் சொல்ல’ என்று ஒரு தொகுப்பு கொண்டுவந்தது. அதற்கும் முன்னால், 2003-ல், பிளாக் ஐட் பீஸ் என்ற அமெரிக்கக் குழு ‘எலிஃபங்க்’ தொகுப்பில் ‘ஸ்ரீ ராகவேந்திரர்’ (1985) படத்துப் பாட்டொன்றின் துண்டை வெட்டி ஒட்டியிருந்தது. வெள்ளைக்காரன் எடுத்துப் போட்டானா, உடனே நம்மவர்களுக்கும் காது திறந்துகொண்டது. “அன்னைக்கே ஃபங்க் பண்ணியிருக்கார் பாருங்க” என்கிறார்கள். பண்ணியிருக்கிறார்தான். யாரை வைத்துப் பண்ணினார் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

முதலில் அந்தச் சொல்லைப் பார்ப்போம். ஃபங்க் என்றால் நாற்றம். உடம்பு நாற்றம். நாகரிகமான வீடுகளில் வாயில் வராத சொல். அமெரிக்கக் கறுப்பு இசைக்காரர்கள் அதைத் தூக்கித் தங்கள் இசைக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். ராபர்ட் ஃபாரிஸ் தாம்ஸன் 1983-ல் எழுதிய நூலில், காங்கோ பகுதியின் கிகோங்கோ மொழியில் உள்ள ‘லு-ஃபுகி’ என்ற சொல்லோடு இதைச் சேர்த்துப் பார்க்கிறார். அங்கேயும் அதற்கு உடல் வாடை என்றுதான் பொருள். ஆனால் அது வசையல்ல. உழைத்து வியர்த்தவனின் வாடையாக, அவன் தன் வேலையில் முழுசாக இறங்கியிருக்கிறான் என்பதற்கான அடையாளமாக அது பாராட்டப்படுகிறது.

ஆறுமுகநேரி உப்பளத்தில் பாத்தி மிதித்துவிட்டு வருகிறவனின் உடம்பு வாடைக்குத் தமிழில் அப்படியொரு பாராட்டுச் சொல் உண்டா? இல்லை. நம்மிடம் இருப்பது ‘குத்து’, ‘டப்பாங்குத்து’, ‘சாவுமேளம்’. இந்த மூன்றும் சபாக்களிலும் பத்திரிகைகளிலும் வசையாகவே புழங்குகின்றன. இதே தாளத்தை லண்டன் அட்டையில் ‘ஃபங்க்’ என்று அச்சிட்டால் சேகரிப்பாளர் இரண்டு கையாலும் ஏந்திக்கொள்கிறார். ‘குத்து’ என்றால் முகம் சுளிக்கிறார். கறுப்பர்கள் தங்கள் வசையைத் தாங்களே கொடியாக்கினார்கள். நாமோ அவர்களுடைய கொடியை வாங்கி நம்முடைய வசையின் மேல் போர்த்துகிறோம். அடியில் கிடப்பது அப்படியே கிடக்கிறது.

சேகரிப்பை வெறும் பண்ட மோகம் என்று தள்ளிவிடும் சுலப மார்க்சியத்தில் எனக்கு உடன்பாடில்லை. வால்டர் பெஞ்சமின் 1931-ல் தன் புத்தகப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டே எழுதிய கட்டுரை சேகரிப்பவன்மீது பரிவோடுதான் பேசுகிறது. இங்கிலாந்தின் வடக்கே, ஆலைத் தொழிலாளர் ஊர்களில், 1970-களில் நடந்ததையும் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் விலைபோகாமல் குப்பைக்குப் போன ‘சோல்’ இசைத் தட்டுகளைத் தேடிப் பிடித்து, வாரம் முழுக்க ஆலையில் வெந்த இளைஞர்கள் சனிக்கிழமை ராத்திரி விடியவிடிய ஆடினார்கள். வீகன் காசினோ என்ற ஆட்டக்கூடம் 1973-லிருந்து 1981 வரை இதற்குக் கோயிலாக இருந்தது. தோற்றுப்போன கறுப்புப் பாடகர்களுக்கு வெள்ளைத் தொழிலாளர்கள் கொடுத்த இரண்டாம் வாழ்வு அது. சும்மா சொல்லக்கூடாது, நம் இடதுசாரி மேடைகள்கூட சினிமாப் பாட்டுக்கு அவ்வளவு மரியாதை தந்ததில்லை.

ஆனால் அங்கேயே இன்னொன்றும் நடந்தது. தட்டு ஓட்டுகிறவர்கள் போட்டிக்காரர்கள் கண்டுபிடித்துவிடக் கூடாதென்று தட்டின் நடுவில் ஒட்டியிருந்த தாளை மறைத்து, பாடகருக்குப் பொய்ப் பெயர் வைத்தார்கள். பெயரை அழிப்பதுதான் அபூர்வத்தின் விலை. ஃபிராங்க் வில்சன் 1965-ல் மோடவுன் நிறுவனத்துக்காகப் பாடிய ஒரு தட்டு, வெளியாகும் முன்பே அழிக்கப்பட்டதில் சில பிரதிகளே தப்பின. அதிலொன்று 2009-ல் 25,000 பவுண்டுக்கு மேல் விலைபோனது. பாடினவனுக்கு அதில் ஒரு சல்லியும் சேராது. பழைய பொருள் சந்தையின் விதி அப்படி.

நம் கடற்கரையில் தட்டு வேறு மாதிரி வாழ்ந்தது. திருச்செந்தூர், காயல்பட்டினம், ஆறுமுகநேரி, புன்னைக்காயல் பக்கம் தட்டு என்பது வீட்டு அலமாரிப் பொருளல்ல, ரேடியோ செட்காரரின் தொழில் கருவி. கல்யாண வீடு, சடங்கு வீடு, அம்மன் கொடை, மாதா கோயில் திருவிழா, கழகக் கூட்டம் எல்லாவற்றிலும் பனையிலோ கம்பத்திலோ கட்டிய குழாய் வழியாகத்தான் ஊர் பாட்டைக் கேட்டது. மீதியை மன்னார் வளைகுடாவைத் தாண்டி வந்த இலங்கை வானொலி கொடுத்தது. ஸ்டீபன் ஹியூஸ் போன்ற ஆய்வாளர்கள் தென்னிந்திய கிராமபோன் வரலாற்றை எழுதியிருக்கிறார்கள். தியடோர் பாஸ்கரன் தேசிய இயக்கக் காலத்துத் தட்டுகளைப் பற்றி முன்பே எழுதிவிட்டார். ஆனால் கொடைக்குக் குழாய் கட்டியவனின் வரலாறு இன்னும் வாய்ப்பேச்சாகத்தான் கிடக்கிறது. எந்த நேரத்துக்கு எந்தத் தட்டு, சாமி ஆடும் முன் எது, வில்லுப்பாட்டுக்காரர் வந்து உட்கார்ந்ததும் எப்போது ஊசியைத் தூக்குவது என்று தீர்மானித்தவன் அவன். ஒரு முறையான ரசனை வரிசை அவன் கையில் இருந்தது.

அவன் தட்டுகள் சேகரிப்பாளர்களுக்கு ஆகாது. தேய்ந்தவை. ‘கண்டிஷன் போச்சு’ என்று ஒதுக்குகிறார்கள். எனக்கென்னவோ அந்தத் தேய்மானம்தான் வாசிக்கவேண்டிய பிரதி என்று படுகிறது. திரும்பத் திரும்ப ஊசி ஓடிய பாட்டின் வரிப்பள்ளம் வெளிறிச் சாம்பல் பூத்திருக்கும். யாரும் கேட்காத பாட்டு பக்கத்திலேயே கன்னங்கரேலென்று பளபளக்கும். ஓர் ஊர் பத்து வருஷம் எதைக் கேட்டது, எதைத் தாண்டிப் போனது என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாலே தெரியும். புத்தம்புதுத் தட்டு எதையும் சொல்லாது. அது யாரும் கேட்காத தட்டு.

இப்படிச் சொல்வதால் குழாயைப் புனிதமாக்கவில்லை. தெற்கத்தி ஊர்களில் குழாய் ஒரு சாதி எல்லைக்கோடும்தான். எந்தத் தெரு நோக்கி அதைத் திருப்புவது, யார் தெருவில் ஊர்வலம் நின்று எந்தப் பாட்டை உரக்க வைப்பது என்பதற்கு அடிதடி உண்டு. 1992-ல் வந்த ‘தேவர் மகன்’ படத்தின் புகழ்ப்பாட்டு — அது கேசட் காலம் — கொடைகளிலும் ஊர்வலங்களிலும் தலித்துகளைச் சீண்டுவதற்கான ஆயுதமாகப் பயன்பட்டது. கொடியன்குளம் நடந்த 1995-ஐ ஒட்டிய அந்த வருஷங்களில் இந்தக் கரையில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. அந்தப் படம் தனக்குள் உண்டாக்கிய வலியை மாரி செல்வராஜ் 2023-ல் கமல்ஹாசன் இருந்த மேடையிலேயே பேசினார். அந்தப் பாட்டுக்கு இசையமைத்தவர் தலித் குடும்பத்தில் பிறந்தவர், பாவலர் வரதராஜனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் ஆர்மோனியம் வாசித்தவர் என்பது இதிலிருக்கும் கசப்பு. பாட்டை ‘ஒலியாக மட்டும்’ கேட்கச் சொல்லும் சேகரிப்பாளர் சொல்லாடலுக்குள் இந்தக் கசப்பு நுழைய வழியே இல்லை. அட்டையின் நிலைமை பத்துக்கு எட்டு. அதோடு சரி.

இனி பெயர்கள். மோடவுனின் 1960-களின் வெற்றித் தட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ஃபங்க் பிரதர்ஸ் என்ற ஒரே வாத்தியக் கூட்டம் இருந்தது. அட்டையில் அவர்கள் பெயர் கிடையாது. 1971-ல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தட்டில்தான் வாசித்தவர்களின் பெயர்கள் முறையாக ஏறின. அந்தக் கூட்டத்தின் பேஸ் கிடார்க்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் 1983-ல், 47 வயதில் செத்துப்போனார். ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்க்கி டிரம்மர்’ (1970) தட்டில் க்ளைட் ஸ்டபிள்ஃபீல்ட் அடித்த அடியை ஹிப்ஹாப்காரர்கள் எத்தனை பாட்டில் வெட்டி ஒட்டினார்கள் என்று கணக்கே இல்லை. உரிமைத்தொகை என்று பார்த்தால் அவருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. தி வின்ஸ்டன்ஸ் குழுவின் கிரிகரி கோல்மன் 1969-ல் ஒரு தட்டின் மறுபக்கத்தில் ஏழு விநாடிபோல அடித்த டிரம்ஸ் துண்டிலிருந்து இங்கிலாந்தில் ஒரு இசை வகையே முளைத்தது. அவர் 2006-ல் வீடில்லாமல் இறந்தார். குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-ல் ரசிகர்கள் தாங்களாக வசூலித்து சுமார் 24,000 பவுண்டு கொடுத்தார்கள். அதுவும் நன்கொடைதான், உரிமை அல்ல.

நம் தட்டின் நடுத்தாளில் படம், பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் என்று நான்கு பெயர் இருக்கும். ‘ஹௌ டு நேம் இட்’ (1986) என்றால் வயலின் வி.எஸ். நரசிம்மன் என்று எல்லோருக்கும் தெரியும். அது பாக்கும் தியாகராஜரும் சந்திக்கிற இடம், மரியாதையான இடம். அதே இசைக்கூடத்தில் டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன், கிடார் வாசித்த சதானந்தம் என்ற பெயர்களைத் தீவிர ரசிகர்கள் மட்டுமே சொல்வார்கள். உறுமியும் தவிலும் பறையும் வாசித்தவர்களை அவர்களும் சொல்லமாட்டார்கள். வயலினுக்குப் பெயர் உண்டு, தோலுக்கு இல்லை. தோலைத் தொட்டவனின் சாதி என்ன என்பதை ஒதுக்கிவிட்டு இந்த வரிசையைப் புரிந்துகொள்ள முடியாது. எங்கள் பக்கத்துக் கணியான் கூத்தில் உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடங்கள் எதிரும் புதிருமாகப் பேசிக்கொள்ளும். ராத்திரி முழுக்க அதைக் கேட்டு வளர்ந்த ஊருக்கு ஃபங்க் புரிவதில் என்ன ஆச்சரியம்? சுடலைமாடன் கொடையில் அந்த மகுடத்தை அடிப்பவர்கள் கொடை முடிந்தால் யார் கண்ணிலும் படமாட்டார்கள்.

சட்டமும் இதையே சொல்கிறது. 1957-ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டத்தில் நிகழ்த்துநர் உரிமை என்பதே 1994 திருத்தத்தில்தான் நுழைந்தது. 2012 திருத்தம் வந்தபோது முற்போக்கானது என்று கொண்டாடினோம். அதில் ஒரு காப்புவாசகம் இருக்கிறது. சினிமாவில் ஒருவரின் பங்கு தற்செயலானதாகவோ உடன்நிகழ்வாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பெயர் எங்கேயும் போடப்படாவிட்டால், அவர் ‘நிகழ்த்துநர்’ ஆகமாட்டார். தன் நிகழ்த்துதலைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை மட்டும் அவருக்கு மிச்சம். டிரம்ஸ்காரர் தற்செயலான ஆளா என்று வக்கீல்கள் வாதாடலாம். ஆனால் பெயர் போடாத வழக்கத்தையே பெயரில்லாதவனுக்கு எதிரான அளவுகோலாக்கும் தர்க்கத்தைக் கவனியுங்கள். தெருவை ஒதுக்கிவிட்டு, அந்தத் தெரு ஊர் எல்லைக்குள் இல்லையே என்று கேட்பதுபோல.

இளையராஜா தன் பாடல்களுக்கு உரிமை கேட்டபோது, 2017-ல் எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கு நோட்டீஸ் போனபோது, பேராசை என்று ஏசாத வாயில்லை. ஒட்டுமொத்தமாக ஒரு தொகை கொடுத்து வாங்கிய கம்பெனிகள் தலைமுறைக்கும் சம்பாதிப்பதை யாரும் பேராசை என்று சொல்லவில்லை. அந்த ஏச்சில் சாதி வாடை இருந்தது. அவர் பக்கம்தான் நிற்கவேண்டும். நின்றபடியே அடுத்த கேள்வியையும் கேட்கவேண்டும். நோட்ஸ் எழுதியவருக்கு உரிமை என்றால், அந்த நோட்ஸைத் தன் கையால் தூக்கி நிறுத்தியவனுக்கு கால்ஷீட் கூலி மட்டும்தானா?

இந்தக் கேள்வி இங்கே புதுசல்ல. ‘பாதை தெரியுது பார்’ (1960) படத்துக்கு இசையமைத்த எம்.பி. சீனிவாசன், சென்னையில் சினிமா வாத்தியக்காரர்களுக்குச் சங்கம் கட்டியவர். கம்யூனிஸ்ட். வாத்தியக்காரன் கலைஞன் மட்டுமல்ல, தொழிலாளி என்பதைச் சினிமாவுக்குள் சொன்ன முதல் குரல்களில் ஒன்று அவருடையது. நம் இசை விமர்சனத்தில் அவர் சேர்ந்திசை அமைத்தவராக வருவார், மலையாளப் படங்களின் மெல்லிசைக்காரராக வருவார். சங்கம் கட்டியவராக வருவதில்லை.

சேகரிப்பாளர்களிடம் ஒரு திறமை இருக்கிறது, அதை மறுக்கமுடியாது. தட்டின் உள்வட்டத்தில் சுரண்டி எழுதியிருக்கும் அச்சு எண்ணை பூதக்கண்ணாடி வைத்துப் படித்து, எந்த ஆலையில் எந்த முறை அச்சானது என்று சொல்லிவிடுவார்கள். அந்த உழைப்பில் கால்வாசியைத் திருப்பினால் போதும். எந்தத் தேதியில், எந்த ஒலிப்பதிவுக்கூடத்தில், எந்தப் பாட்டுக்கு யார் உறுமி, யார் தவில், யார் பேஸ் என்று உயிரோடிருக்கும் வாத்தியக்காரர்களிடம் கேட்டு எழுதிவிடலாம். வாசித்தவர்களில் பலருக்கு எழுபது தாண்டிவிட்டது. தட்டு இன்னும் நூறு வருஷம் இருக்கும், அதற்கு அவசரமில்லை.